டீமோட சராசரி வயசு குறைஞ்சா சந்தோஷப்படலாமா? சென்னையின் எஃப்.சி. கணக்கும் நெய்வேலி குவார்ட்டர்ஸ் கணக்கும்

ஒரு ஃபுட்பால் கிளப்போட சராசரி வயசு 29-லேருந்து 25-க்கு வந்துடுச்சுன்னு செய்தி வந்தா, ரசிகர்கள் உடனே "யங் டீம், சூப்பர்"னு கமென்ட் போடுவாங்க. யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. புதுசா நல்ல பசங்க வந்ததால குறைஞ்சுதா, இல்ல கோல் போட்டுக்கிட்டிருந்த சீனியர் கிளம்பிட்டதால குறைஞ்சுதா? ரெண்டுலயும் நம்பர் ஒண்ணுதான். ஆனா டீம் வேற.

இந்தக் கேள்வி ஏன் ஒரு பணம் சம்பந்தப்பட்ட பிளாகில்? நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகளில் ஒரு ரகம் திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, அப்பா என்.எல்.சி.ல இருக்கார், இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல ரிட்டயர்மென்ட். நான் இப்பதான் வேலைக்குச் சேர்ந்தேன். என்ன பண்ணணும்?" இதுக்கு மியூச்சுவல் ஃபண்ட் பேரைச் சொல்லி அனுப்பிட முடியாது. வீட்டையே ஒரு ஸ்குவாடா பாத்தாத்தான் பதில் கிடைக்கும். அதுக்கு முதல்ல ஒரு நிஜ ஸ்குவாடைப் பார்ப்போம்.

2014: வாடகைக்கு வந்த நட்சத்திரங்கள்

ஐ.எஸ்.எல். முதல் சீசன் ஞாபகம் இருக்கா? 2014 அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர்ல முடிஞ்சது. மொத்தமே சுமார் பத்து வாரம். அந்தப் பத்து வாரத்துக்கு வந்தவங்க யார் யார்னு பாருங்க. டெல்லிக்கு டெல் பியரோ, கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ், புனேவுக்கு டிரெசகே, மும்பைக்கு ல்யுங்பெர்க். எல்லாரும் உலகக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக்னு பெரிய மேடைகளைப் பார்த்தவங்க. எல்லாரும் 35-ஐத் தாண்டினவங்க. கேரளா பிளாஸ்டர்ஸ்ல டேவிட் ஜேம்ஸ் பயிற்சியாளராவும் கோல்கீப்பராவும் இருந்தார், வயசு 44!

நம்ம சென்னையின் எஃப்.சி.ல பயிற்சியாளரும் ஆட்டக்காரருமா மார்கோ மட்டெராஸி. அந்த டிசம்பர்ல அவருக்கு 41. கூடவே அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா 38, மிக்கேல் சில்வெஸ்டர் 37, எலானோ 33, பெர்னார்ட் மெண்டி 33. இவங்களுக்கு நடுவுல கொலம்பியாவிலேருந்து வந்த ஸ்டீவன் மெண்டோஸா, வயசு 22.

இந்த ஆறு பேரோட வயசைக் கூட்டினா 204. ஆறால வகுத்தா சரியா 34.

இப்ப அந்த லிஸ்டைத் திரும்பப் பாருங்க. 34 வயசுல அதுல யாருமே இல்லை. சராசரிங்கிற நம்பரோட பெரிய சிக்கலே இதுதான். அது யாரையும் குறிக்காது. 41-ஐயும் 22-ஐயும் ஒரே தட்டுல வச்சு நடுவுல ஒரு ஆளைக் கற்பனையா உருவாக்கிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நெஸ்டா சீசன் பாதிக்கு மேலதான் வந்தார், ஆடினது சில ஆட்டங்கள். எலானோ 8 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கினார். ரெண்டு பேரையும் ஸ்குவாட் சராசரியில சமமா எண்ணினா அது நியாயமா? அதனால்தான் ஃபுட்பால் புள்ளிவிவரக்காரங்க வெறும் ஸ்குவாட் சராசரியோட நிக்க மாட்டாங்க. யார் எத்தனை நிமிஷம் ஆடினாங்களோ அந்த அளவுக்கு அவங்க வயசுக்கு எடை கொடுத்து இன்னொரு சராசரி போடுவாங்க. பெஞ்சில உக்காந்திருக்கிற 18 வயசுப் பையன் டீமை இளமையாக் காட்டுவான், ஆனா மைதானத்துல ஓடிக்கிட்டிருக்கிறவருக்கு 35 இருக்கலாம். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, வீட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

அந்த வயசான டீம் மோசமா ஆடுச்சான்னா, இல்லவே இல்லை. லீக் கட்டத்துல முதலிடம் சென்னையின்தான். அரையிறுதியில கேரளாகிட்ட ரெண்டு ஆட்டமும் சேர்த்து 4-3ன்னு, அதுவும் எக்ஸ்ட்ரா டைம்ல தோத்தாங்க.

அப்புறம் ஏன் அந்த மாடல் மாறுச்சு? வயசு அதிகம்கிறதுக்காக மட்டும் யாரும் மாத்தலை. மொதல்ல மாறினது கால அளவு. பத்து வார லீக்ல நாளைக்கு என்ன ஆகும்னு யோசிக்கிறதுல அர்த்தமே இல்லை. இன்னைக்கு டிக்கெட் விக்கணும், டி.வி.ல முகம் தெரியணும். அதுக்கு 38 வயசு நட்சத்திரம் போதும், வாடகை வீடு மாதிரி. 2017-18 சீசன்லேருந்து லீக் நவம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரை நீண்டது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்துல களத்துல 6 பேர் வரைக்கும் இருக்கலாம்னு இருந்தது 5 ஆச்சு, 2021-22-ல 4 ஆச்சு. இந்தியப் பசங்களை வருஷக்கணக்கான ஒப்பந்தத்துல எடுத்து வளர்க்கிறது அப்பத்தான் லாபமாச்சு. அனிருத் தாபா 2016-ல 18 வயசுல சென்னைக்கு வந்து, கேப்டன் ஆகி, 2023-லதான் மோகன் பகானுக்குப் போனார்.

கால அளவு மாறினா ஸ்குவாட் மாறணும். முதலீட்டுலயும் இதேதான். மூணு மாசத்துல தேவைப்படுற பணத்துக்கு ஒரு ஆள், முப்பது வருஷம் கழிச்சுத் தேவைப்படுற பணத்துக்கு வேற ஆள்.

சாம்பியன் ஆன வருஷமும் கடைசி இடம் வந்த வருஷமும்

2018 மார்ச் 17, பெங்களூரு. பெங்களூரு எஃப்.சி.யை அவங்க ஊர்லயே 3-2ன்னு தோக்கடிச்சு சென்னையின் ரெண்டாவது முறை கோப்பை வாங்கின நாள். மைல்சன் ஆல்வெஸ் தலையால முட்டின ரெண்டு கோல் இன்னும் கண்ணுல நிக்குது.

அந்த சீசன் ஸ்குவாடோட வயசுக் கலவையைப் பாருங்க. வலது பக்க டிஃபென்ஸ்ல இனிகோ கால்டெரோன் 36. கோல்ல கரண்ஜித் சிங் 32. நடுவுல ரஃபேல் அகஸ்டோ 27, முன்னாடி ஜெஜெ 27. நம்ம வியாசர்பாடி பையன் தன்பால் கணேஷ் 23. தாபா 20, இடது பக்கம் ஜெரி லால்ரின்சுவாலா 19. இந்த ஏழு பேரோட சராசரி 26-க்குக் கொஞ்சம் மேல. ஆனா அந்த நம்பரை விட, 19-லேருந்து 36 வரைக்கும் ஒவ்வொரு படியிலயும் ஆள் இருந்தாங்கங்கிறதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

அடுத்த சீசன் என்னாச்சு? 18 ஆட்டத்துல 9 பாயின்ட். பத்து டீம்ல பத்தாவது இடம். நடப்புச் சாம்பியன்!

கால்டெரோனும், டிஃபென்ஸ்ல இன்னொரு சீனியரான ஹென்ரிக்கே செரெனோவும் அந்த சீசன்ல இல்லை. தன்பால் கணேஷ் முழங்கால் காயத்துல வெளியே. முந்தின சீசன்ல 9 கோல் போட்ட ஜெஜெ இந்த முறை ஒரே ஒரு கோல். ஜெஜெக்கு அப்ப என்ன வயசு? 27, 28. ஃபுட்பால்ல அது உச்ச வயசும்பாங்க. கிழவங்க போயாச்சு, உச்ச வயசுக்காரங்க இருக்காங்க, காகிதத்துல டீம் அருமை. நிஜத்துல அனுபவம் போன இடத்தை நிரப்ப ஆள் தயாரா இல்லை.

அதுக்கும் அடுத்த சீசன்ல இதே கிளப் ஃபைனல் வரை போச்சு. அப்ப 15 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கினவர் நெரியஸ் வால்ஸ்கிஸ், வயசு 32. அதனால "யங்கா இருந்தா ஜெயிக்கலாம்", "அனுபவம்தான் ஜெயிக்கும்"னு ரெண்டு பக்கமும் யாராவது உங்ககிட்ட வாதம் பண்ணா, சிரிச்சுட்டு நகருங்க.

ஜெஜெ பத்தி இன்னும் ஒண்ணு சொல்லிடறேன். முழங்கால் அறுவை சிகிச்சையால 2019-20 சீசன் முழுக்க வெளியே. 29 வயசுல சென்னையை விட்டு ஈஸ்ட் பெங்கால் போனார். அதோட ஆட்ட வாழ்க்கை சீக்கிரமே ஓஞ்சது. 2023 டிசம்பர்ல, 32 வயசுல, மிசோரம் சட்டசபைக்கு எம்.எல்.ஏ.வா ஜெயிச்சு வந்தார். எல்லாருக்கும் அப்படி ஒரு ரெண்டாவது இன்னிங்ஸ் அமையாது. ஃபுட்பால்காரங்க பத்துப் பன்னிரண்டு வருஷத்துல சம்பாதிச்சு முடிக்கிறதை நாம 35 வருஷத்துல பண்றோம். வசதிதான். ஆனா அந்த வசதியாலேயே கடைசி ரெண்டு வருஷம் வரைக்கும் யாரும் கணக்கு போடறதில்லை.

இளசுகளை மட்டும் வாங்கினா? செல்சி கதை

எல்லாரையும் சின்ன வயசுல வாங்கிட்டா பிரச்சினை தீருமான்னு கேட்டா, லண்டன்ல செல்சி அதை முயற்சி பண்ணாங்க. 2023 ஜனவரி கடைசியில என்சோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினாங்க, வயசு 22. எட்டரை வருஷ ஒப்பந்தம், 2031 வரைக்கும். ஏன் அவ்வளவு நீளம்? ஆட்டக்காரருக்குக் கொடுத்த விலையை ஒப்பந்த வருஷங்களால வகுத்துத்தான் கணக்குப் புத்தகத்துல செலவா எழுதுவாங்க. எட்டரை வருஷம்னா வருஷத்துக்குச் சுமார் 1.26 கோடி பவுண்டு. அஞ்சு வருஷம்னா 2.14 கோடி.

தெரிஞ்ச விஷயமா இருக்குல்ல? போன் கடையில "மாசம் 2,499 தான் சார்"ங்கிறதும் இதே மேஜிக்தான். விலை குறையலை, துண்டு சின்னதாச்சு, அவ்வளவுதான். நிறைய இளம் ஆட்டக்காரர்களை இப்படி வாங்கிக் குவிச்சப்புறம், 2023-லயே ஐரோப்பியக் கூட்டமைப்பான யுவெஃபா, இந்த மாதிரி பிரிச்சு எழுத அதிகபட்சம் 5 வருஷம்தான்னு சொல்லிடுச்சு. பிரீமியர் லீக்கும் அந்த வருஷ டிசம்பர்ல அதே விதியைக் கொண்டு வந்தது. வேடிக்கை என்னன்னா, அந்த இளசுகளுக்கு நடுவுல 2024 வரைக்கும் டிஃபென்ஸ்ல நின்னவர் 39 வயசு தியாகோ சில்வா.

இப்ப நெய்வேலிக்கு வருவோம்

டவுன்ஷிப்ல ஒரு வீடு. அப்பா 58, அம்மா 54, பையன் 26, பொண்ணு 22. கூட்டினா 160, சராசரி 40. பாக்க நல்ல நடுவயசு டீம்.

இப்ப அந்த நிமிஷக் கணக்கைப் போடுங்க. நிமிஷத்துக்குப் பதிலா வருமானம். அப்பா கைக்கு மாசம் 90,000, பையன் 30,000, அம்மாவுக்கும் பொண்ணுக்கும் இப்போதைக்கு வருமானம் இல்லைன்னு வைங்க. (கணக்குக்காக எடுத்த எண்கள், உங்க வீட்டு எண்ணைப் போட்டுக்கோங்க.) 58-ஐ 90,000-ஆலயும் 26-ஐ 30,000-ஆலயும் பெருக்கிக் கூட்டி, 1,20,000-ஆல வகுத்தா 50. அதாவது இந்த வீட்டோட வருமான வயசு 50. சராசரி 40-ன்னு நெனச்சோம், உண்மையில ஆட்டத்தை ஆடிக்கிட்டிருக்கிறவருக்கு 58. மாசம் வர்ற நாலு ரூபாய்ல மூணு ரூபாய் அவர் காலிலேருந்து வருது.

ரெண்டு வருஷம் கழிச்சு அப்பா 60-ல ரிட்டயர் ஆகிறார். இ.பி.எஸ். பென்ஷன், 15,000 உச்சவரம்புல கணக்குப் போடறவங்களுக்கு 35 வருஷ சர்வீஸ்னு வச்சாலும் 15,000 × 35 ÷ 70, அதாவது 7,500 ரூபாய்தான். அதிக பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்து ஏத்துக்கப்பட்டவங்களுக்கு இது மாறும். நிறுவனத்தோட தனி பென்ஷன் திட்டத்துல வர்றதும் தனி. அப்பாகிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க. (இ.பி.எஸ். 58-லயே ஆரம்பிக்கலாம். 60 வரைக்கும் தள்ளிப்போட்டா வருஷத்துக்கு 4% கூடும். இங்க குழப்பம் வேணாம்னு 60-லேருந்தே கணக்கு வச்சிருக்கேன்.)

பையன் சம்பளம் அதுக்குள்ள 35,000 ஆச்சுன்னு வைங்க. மொத்த வருமானம் 42,500. புது வருமான வயசு என்ன தெரியுமா? கிட்டத்தட்ட 34.

50-லேருந்து 34. ஒரே ராத்திரியில பதினாறு வயசு இளமையாயிடுச்சு டீம்! செய்தியா போட்டா கைத்தட்டல் விழும். வீட்டுல மாச வருமானம் 1,20,000-லேருந்து 42,500-க்கு வந்திருக்கு.

அதோட குவார்ட்டர்ஸையும் ஒப்படைக்கணும். நெய்வேலிக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொறந்ததுலேருந்து ஒரே பிளாக், அதே மாமரம், சாயங்காலம் ஆச்சுன்னா பாரதி ஸ்டேடியம்னு வளர்ந்த பிள்ளைகளுக்கு வாடகைன்னா எவ்வளவுன்னே தெரியாது. திடீர்னு இந்திரா நகரோ வடக்குத்தோ வடலூரோ போய் வீடு தேடுறப்பதான், அப்பா சம்பளச் சீட்டுல தெரியாத ஒரு சம்பளம் இத்தனை வருஷமா வந்துக்கிட்டிருந்துதுன்னு புரியும். வாடகை 8,000-ன்னு வச்சாலும் 42,500-ல மிச்சம் 34,500.

இங்கதான் பலர் அவசரத்துல ஒரு மார்க்கீ பிளேயரை வாங்குறாங்க. "வாடகை கொடுக்கிறதுக்கு இ.எம்.ஐ. கட்டலாமே" வசனம். 30 லட்சம் வீட்டுக் கடன், 8.5% வட்டி, 20 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 26,000. அப்பா வயசுக்கு பேங்க் நீண்ட கால அவகாசம் தராது. அதனால கடன் முழுக்கப் பையன் பேர்ல, பையனோட 35,000 சம்பளத்து மேல நிக்கும். 28 வயசுல ஒரு பெங்களூரு வேலை வந்தாக்கூட யோசிக்க வேண்டிய நிலைமை. சொந்த வீடு தப்புன்னு சொல்லலை. ரிட்டயர்மென்ட் ஆன அதே மாசம் அந்த முடிவை எடுக்கறது எனக்குப் பிடிக்கலை. ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாத்துட்டு எடுங்க.

அப்பாவுக்கு வர்ற பி.எஃப்., கிராஜுட்டி பணத்துல 30 லட்சம் வரைக்கும் சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல போடலாம். 8.2% வட்டியில மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய், மாசக் கணக்குக்கு 20,500. போஸ்ட் ஆபீஸ்லயும் பேங்க்லயும் இருக்கு. போடற நாளன்னைக்கு உள்ள வட்டி அஞ்சு வருஷத்துக்கு மாறாது. வட்டிக்கு வரி உண்டு, அது வேற கதை.

இப்ப திரும்பக் கணக்கு. அப்பா 28,000, பையன் 35,000, மொத்தம் 63,000. வருமான வயசு 42. சராசரி வயசு 34-லேருந்து 42-க்கு ஏறிடுச்சு, வீடு முன்னைவிட நல்லா இருக்கு. சீனியர் முழு 90 நிமிஷம் ஆடலை, ஆனா 60-வது நிமிஷத்துல இறங்கி ஆட்டத்தைப் பிடிச்சு நிறுத்துறார்.

இதுக்கெல்லாம் வேலை செய்ய வேண்டிய நேரம் அந்த ரெண்டு வருஷ இடைவெளிதான், சீனியரும் ஜூனியரும் ஒண்ணா களத்துல இருக்கிற காலம். நெய்வேலி அனல்மின் நிலையங்களையே பாருங்களேன். சோவியத் உதவியோட கட்டி 1962-ல மின்சாரம் கொடுக்க ஆரம்பிச்ச முதல் நிலையம், 600 மெகாவாட், 2020-ல ஓய்வு பெற்றது. அதுக்குப் பதிலா வந்த புது நிலையத்தோட முதல் 500 மெகாவாட் யூனிட் 2019 கடைசியிலயே ஓட ஆரம்பிச்சிடுச்சு. பழசை முழுசா அணைக்கிறதுக்கு முன்னாடியே புதுசு சூடாயிடுச்சு.

வீட்டுல இதை எப்படிப் பண்றது? பையன் 30,000-ல 15,000-ஐ இப்பவே ஒதுக்கினா 24 மாசத்துல 3,60,000, வட்டி தனி. அட்வான்ஸ், வீடு மாத்துற செலவு, ஆறு மாச வாடகை எல்லாம் அதுல அடங்கும். இந்தப் பணம் ஆர்.டி.லயோ லிக்விட் ஃபண்டுலயோ இருக்கணும். ரெண்டு வருஷத்துல எடுக்கப்போற பணம், ஷேர் மார்க்கெட்டுக்கு இங்க வேலை இல்லை. உங்க சொந்த முப்பது வருஷக் கணக்குக்கு 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. தனியா ஓடட்டும். அது 19 வயசு ஜெரி மாதிரி, இப்பவே கோல் கேக்காதீங்க.

அப்பா அம்மாவுக்கான ஹெல்த் இன்சூரன்ஸ் தள்ளிப்போடவே கூடாத விஷயம். ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் நிறுவன மருத்துவ வசதி எவ்வளவு தொடரும், என்ன வரம்புன்னு அப்பாகிட்ட கேளுங்க. அது எவ்வளவு இருந்தாலும், வெளியே ஒரு பாலிசி எடுக்கறதா இருந்தா சர்வீஸ்ல இருக்கும்போதே எடுங்க. சுகர், பி.பி. மாதிரி ஏற்கனவே இருக்கிற நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்ப அதிகபட்சம் 3 வருஷம். 57-ல எடுத்தா 60-ல முடிஞ்சிடும், அதுவரைக்கும் கம்பெனி வசதி கையில இருக்கு. 60-ல எடுத்தா 63 வரைக்கும் டிஃபென்ஸ்ல ஆள் இல்லாம ஆடணும். பாலிசி எடுக்கும்போது சுகரை மறைச்சு எழுதச் சொல்ற ஏஜென்ட் வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க.

22 வயசுத் தங்கச்சியை மறந்துட்டோம் பாருங்க. எல்லாரும் மறக்கறாங்க. அந்த ரெண்டு வருஷத்துல அவ ஒரு வேலைக்குப் போய் 20,000 கொண்டு வந்தா 63,000-ங்கிறது 83,000 ஆகும். அவ வருமானத்தைக் "கல்யாணம் வரைக்கும்தானே"ன்னு கணக்குல சேர்க்காம விடற வீடுகள், பெஞ்சில இருக்கிற நல்ல ஸ்ட்ரைக்கரை இறக்காமலே சீசனை முடிக்கிற வீடுகள். அவ பேர்லயே ஒரு எஸ்.ஐ.பி.யும் ஆரம்பிக்கட்டும்.

இந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பேப்பர் எடுங்க. வீட்டுல எல்லார் பேர், வயசு, மாச வருமானம் மூணு கட்டம். அப்பாவோட ரிட்டயர்மென்ட் தேதியை மேல எழுதுங்க. இ.பி.எஃப். பாஸ்புக், நாமினி பேர் சரியா இருக்கான்னு அப்பவே போன்ல பாத்துடுங்க, நாமினி இடத்துல இன்னும் தாத்தா பேர் இருக்கிற கணக்குகளை நான் பாத்திருக்கேன். சீனியர் சிட்டிசன் ஸ்கீம் ஃபார்மை வரி வரியா நிரப்பிக் காட்டுற வீடியோ அடுத்த வாரம் சேனல்ல வருது. உங்க வீட்டு வருமான வயசு இன்னைக்கு எவ்வளவு, அப்பா ரிட்டயர் ஆன மறுமாசம் எவ்வளவுன்னு ரெண்டு நம்பரை மட்டும் கமென்ட்ல போடுங்க. பேர், சம்பளம் எதுவும் வேணாம்.